கப்பல் மணியைத் திருப்பிப் படித்தல்

வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுள்ள வெண்கல மணி ஒன்று இருக்கிறது. 'தமிழ் மணி' என்பதே அங்கும் அதன் பெயர். நியூசிலாந்தில் வாழும் தமிழரில் அதைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆக்லாந்தில் ஒரு பொங்கல் விழாவோ முத்தமிழ் விழாவோ நடந்தால் பேச்சாளர்களில் ஒருவராவது அந்த மணியைத் தொட்டுச் செல்வார். ஜேம்ஸ் குக்குக்கு முன்னரே, ஆபெல் தாஸ்மனுக்கும் முன்னரே தமிழன் இங்கே வந்துவிட்டான் என்பது மேடையில் அதற்குக் கிடைக்கும் பொருள். மணியின் மேல் என்ன எழுதியிருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்ற கேள்விகள் மேடைக்கு வருவதில்லை.

அந்த எழுத்துகள் மணியைச் சுற்றி ஒரு வளையமாக ஓடுகின்றன. வளையத்தில் உள்ளதைப் படிக்க வேண்டுமானால் பொருளையோ அதன் படத்தையோ திருப்பியாக வேண்டும். எதைச் சுற்றித் திருப்புகிறோம், எத்தனை பாகை திருப்புகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே வாசிப்பு அமையும். கணினியில் படங்களைக் கையாள்பவர்களுக்கு இது அன்றாட வேலை. வரலாற்றைக் கையாளும் நாம் இதை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பானையாக இருந்த மணி

மணியைக் கண்டெடுத்தவர் வில்லியம் கொலென்சோ. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த அச்சுத் தொழிலாளர். சர்ச் மிஷனரி சங்கத்தின் அச்சகத்தை நடத்துவதற்காக 1834 டிசம்பர் இறுதியில் நியூசிலாந்தின் வட பகுதிக்கு வந்து சேர்ந்தார். 1835 பிப்ரவரியில் இந்நாட்டின் முதல் நூலை மாவோரி மொழியில் அச்சிட்டார். 1837இல் மாவோரி புதிய ஏற்பாட்டின் 5000 பிரதிகளை முடித்தார். 1840இல் வைத்தாங்கி ஒப்பந்தத்தின் மாவோரிப் பிரதியும் அவருடைய அச்சகத்தில்தான் அச்சானது.

1836 வாக்கில், இன்றைய ஆக்லாந்துக்கு வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டரில் உள்ள ஃபங்காரெய் பகுதியில், மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைக் கொலென்சோ கண்டார். பாத்திரத்தின் மேல் எழுத்துகள் இருந்தன. பலத்த காற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தபோது அதன் அடியில் கிடைத்தது என்றும், நெடுநாளாகத் தங்களிடம் இருக்கிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். கொலென்சோ அதைப் பெற்றுத் தன்னிடமே வைத்திருந்தார். 1899இல் அவர் இறந்தபின், அவருடைய விருப்பப்படி அது அன்றைய காலனி அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன் இன்றைய வாரிசுதான் தெ பாப்பா.

மணி தொங்கும்போது வாய் கீழே இருக்கும். அடுப்பில் பானையாக ஏறினால் வாய் மேலே இருக்கும். தொங்கும் மணிக்கென நேராக வார்த்த எழுத்து பானையில் தலைகீழாகத் தெரியும். ஈய அச்செழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றிப் படித்தே பழகியவர் கொலென்சோ. ஆனாலும் இந்த எழுத்து எந்த மொழி என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவர் சேர்ந்திருந்த அதே சங்கத்தின் ஊழியர்கள் 1820 முதல் பாளையங்கோட்டையில் இருந்தார்கள். அங்கே பணியாற்றிய ரேனியஸ் 1834இல் தமிழ் இலக்கண நூல் ஒன்றையே வெளியிட்டிருந்தார். பாளையங்கோட்டைக்குப் போயிருந்தால் ஒரு பிற்பகலில் படித்திருப்பார்கள். கடலுக்கு அப்பால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மணி பல பத்தாண்டுகள் ஊமையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுத்துகளின் படங்கள் தமிழறிந்தோர் கண்ணில் பட்டன.

அவர்கள் படித்துச் சொன்னதன் பொருள் இதுதான்: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி. வளையத்தில் இருப்பது அவ்வளவே. அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஊரும் இல்லை.

வளையத்தை எங்கே வெட்டுவது

வளையத்துக்குத் தொடக்கம் கிடையாது. பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஏகார ஓகாரங்களைக் குறிலிலிருந்து பிரித்துக் காட்டும் இன்றைய வடிவம் வீரமாமுனிவர் காலத்துக்குப் பின் நிலைபெற்றது. அப்படிப்பட்ட எழுத்தை வளையமாக ஓடவிட்டால், முதலெழுத்து எது என்பதை எழுத்தின் வடிவம் சொல்லாது.

இங்கே நமக்குத் தமிழ் வாக்கிய அமைப்பு கைகொடுக்கிறது. உடையவன் முதலில், உடைமை கடைசியில். எனவே 'மணி' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வளையத்தை வெட்ட வேண்டும். அதற்கு அடுத்த எழுத்து முதலெழுத்தாகிறது. அது அந்த மனிதரின் பெயரில் தொடங்குகிறது.

நாணயங்களிலும் இதே சிக்கல் உண்டு. விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதை நாணயவியலார் கடிகார முள்ளை வைத்துக் குறிப்பார்கள்: பன்னிரண்டு மணி நிலையில், ஏழு மணி நிலையில் என்று. சாதவாகன மன்னர்களின் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் திராவிட மொழி எழுத்துத் தொடரும் இருப்பது தெரிந்ததே. அவற்றைப் படித்தவர்களும் காசை விரலில் பிடித்துச் சுற்றித்தான் படித்திருக்க முடியும்.

எழுத்தின் திசையைத் தவறாகக் கொண்டதால் வரலாறே தடுமாறிய கதையும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஏரண் என்ற ஊரில் அலெக்சாண்டர் கன்னிங்ஹாமுக்குக் கிடைத்த ஒரு பழங்காசில் பிராமி எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. பிராமி செமித்திய எழுத்திலிருந்து வந்தது, தொடக்கத்தில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்ற தம் கொள்கைக்கு ஜார்ஜ் பூலர் அந்தக் காசை ஒரு சான்றாக வைத்தார். பின்வந்தவர்கள் பலர் அதை அச்சு வெட்டிய கம்மியரின் பிழை என்றே கருதினர். அச்சில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் காசில் நேராக விழும். அதை மறந்து நேராகச் செதுக்கினால் காசில் திரும்பி விழும். எந்தப் பாகையில் சுழற்றினாலும் இந்தப் பிழை சரியாகாது. சுழற்றுவது வேறு, கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டுவது வேறு. படத் திருத்த மென்பொருள்களில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை அழுத்திவிட்டு, முடிவை நம்பிவிடுவது எளிது.

மைப்படியிலிருந்து கணினிக்கு

1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக ஹுல்ட்ஷ் பொறுப்பேற்றார். 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி வந்தது. அந்த மரபின் அடிப்படைக் கருவி மைப்படி. கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கறுக்கும். மணியில் இருப்பதுபோல் புடைத்த எழுத்தானால் எழுத்தே கறுக்கும். தாள் வளையும் என்பதால் வளைந்த பரப்பின் எழுத்தையும் எடுத்து மேசையில் விரிக்கலாம். கையால் பார்த்து எழுதும் படியில் எழுதுபவரின் ஊகமும் கலந்துவிடும். மைப்படியில் அது குறைவு. அதுவே அதன் மதிப்பு.

புகைப்படமும் கணினியும் வந்தபின் வேலை எளிதானது. கூடவே ஒரு புதுவகை ஆபத்தும் வந்தது. கணினிப் படம் என்பது சதுரக் கட்டங்களில் நிரப்பிய நிறங்கள். அதை 90 பாகை சுழற்றினால் ஒவ்வொரு கட்டமும் இன்னொரு கட்டத்தில் சரியாகப் போய் உட்காரும், எதுவும் இழப்பதில்லை. 7 பாகை சுழற்றினால் அப்படி உட்காராது. பழைய கட்டங்கள் புதிய கட்டங்களின் மேல் கோணலாக விழும். ஒவ்வொரு புதிய கட்டத்துக்கும் அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து ஒரு நிறத்தைக் கணினி கணக்கிட்டுப் போட வேண்டும். அந்த நிறம் மூலத்தில் இருந்ததல்ல. இந்தக் கணக்கை விரைவாகச் செய்வது அன்று பெரிய சிக்கலாக இருந்தது. 1980இல் எட் கட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் முறையைக் காட்டினர். 1986இல் ஆலன் பேத், சுழற்றுவதை மூன்று சாய்ப்புகளாக மாற்றினார்: வரிசைகளைப் பக்கவாட்டில் தள்ளு, நெடுக்குகளை மேலும் கீழும் தள்ளு, மறுபடி வரிசைகளைத் தள்ளு. சீட்டுக்கட்டைச் சாய்ப்பது போன்ற மூன்று அசைவுகளில் படம் திரும்பிவிடும்.

ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. அடுக்குகள், அதாவது லேயர்கள், அதில் 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி மாணவர்கள் இருவர் உருவாக்கிய கிம்ப் என்ற இலவச மென்பொருள் 1996இல் வெளியானது. அடுக்கு என்பது கண்ணாடித் தாள் போன்றது. அடியில் மூலப்படம் அசையாமல் இருக்க, மேலே ஒரு துண்டை மட்டும் தனியே நகர்த்தலாம், சுழற்றலாம். பிடிக்கவில்லையென்றால் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாம். கல்வெட்டைப் படிப்பவருக்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை.

மணியை விரிக்கும் முறை

மணியைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்தால் வளையத்தின் ஒரு பகுதியே தெரியும். அதிலும் ஓரத்துக்குப் போகப் போக எழுத்து நெருங்கும். நடுவிலிருந்து 30 பாகை தள்ளியுள்ள எழுத்து தன் அகலத்தில் 87 விழுக்காடாகத் தெரியும். 60 பாகையில் பாதியாகிவிடும். ஆகவே மணியைச் சுழல்மேசையில் வைத்து 60 பாகைக்கு ஒன்றாக ஆறு படமாவது எடுக்க வேண்டும், நெருக்கமாக எடுத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு படமும் ஓர் அடுக்கு. பக்கத்துப் படங்களில் பொதுவாக உள்ள எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் வளையம் நீளும்.

மணி நேர்க்குழாய் அல்ல, மேலே குறுகி வாயில் விரிவது. அதன் பரப்பை விரித்தால் எழுத்து வரி விசிறியின் விளிம்புபோல் வளைந்து கிடக்கும். இடப்பக்க எழுத்து ஒரு பக்கம் சாயும், வலப்பக்க எழுத்து மறுபக்கம் சாயும். இங்கேதான் சுழற்சியின் மையம் முக்கியமாகிறது. ஓர் அடுக்கைச் சுழற்றச் சொன்னால் மென்பொருள் தானாக அந்த அடுக்கின் நடுவையே மையமாக எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்தால் எழுத்து நின்ற இடத்திலேயே நிமிரும், வரி மட்டும் படிக்கட்டுபோல் ஏறி இறங்கும். விசிறியின் காம்பு எந்தப் புள்ளியில் சேருமோ அந்தப் புள்ளியை மையமாகக் கொடுத்தால், ஒவ்வோர் எழுத்தும் அதே தூரத்தில் ஊசலாடி வந்து சரியான உயரத்தில் நேராக நிற்கும். கிம்ப்பில் பாகைக்கு ஒரு பெட்டி, மையத்தின் கிடைநிலைக்கும் நெடுநிலைக்கும் இரண்டு பெட்டிகள். சுட்டியால் இழுத்துக் கண்மதிப்பில் நிறுத்துவதைவிட அந்தப் பெட்டிகளில் எண்ணைத் தட்டுவதே முறை. எண்ணைக் குறித்துவைக்கலாம், இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கலாம்.

ஒரு பாகை பிழை சிறியதாகத் தோன்றும். 1000 புள்ளி நீளமுள்ள ஒரு வரியை ஒரு பாகை கோணலாக வைத்தால் மறுமுனை 17 புள்ளி விலகிவிடும். மணியின் விட்டம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சுற்றளவில் ஒரு பாகை 1.3 மி.மீ. ஆறு இணைப்புகளிலும் ஒரே திசையில் ஒவ்வொரு பாகை பிழைத்தால் கடைசியில் ஏறத்தாழ 8 மி.மீ. தொடக்கமும் முடிவும் சேராது. நடுவில் ஓர் எழுத்துக்கு இடம் இருப்பதுபோலத் தெரியும், அல்லது இருக்கிற எழுத்தின் மேல் இன்னொன்று ஏறும். இல்லாத எழுத்தை ஊகித்துப் போடும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. நில அளவையாளர்கள் இதை அறிவார்கள். அளந்துகொண்டே சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கு வந்தால் எவ்வளவு விலகல் என்று பார்த்து, அதை எல்லாக் கோணங்களுக்கும் பகிர்ந்து சரிசெய்வார்கள்.

இன்னொரு பொறி ஒளி. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எடுத்துக்கொள்ளும். மேலிருந்து ஒளி விழுந்த ஒரு புடைப்பின் படத்தை 180 பாகை திருப்பினால், புடைப்பு பள்ளமாகத் தெரியும். நிலவின் படத்தைத் தலைகீழாக்கினால் குழிகள் குன்றுகளாவது இதனால்தான். பானை நிலையில், வாய் மேலே வைத்து மணியைப் படமெடுத்துக் கணினியில் தலைகீழாக்கினால், வார்த்த எழுத்து செதுக்கிய எழுத்தாகத் தோன்றக்கூடும். இது வெறும் கண்மயக்கத்தோடு நிற்காது. புடைத்த எழுத்து வார்ப்பின்போதே வந்தது, கப்பல்காரர் சொல்லிச் செய்வித்தது. செதுக்கிய எழுத்தென்றால் எந்தத் துறைமுகத்திலும் எந்தக் காலத்திலும் யாரும் வெட்டியிருக்கலாம். ஒரு தவறான திருப்பலில் மணியின் வரலாறே வேறாகிவிடும். பல திசை ஒளியில் எடுத்த படங்களைச் சேர்த்து, விரும்பிய பக்கமிருந்து ஒளியடித்துப் பார்க்கும் முறை ஒன்றை டாம் மால்ஸ்பெண்டர் 2001இல் அறிமுகம் செய்தார். இன்று உலகெங்கும் பல அருங்காட்சியகங்கள் அதைக் கையாள்கின்றன.

கடைசியாக ஒன்று: சுழற்றிய படத்தையே மறுபடி சுழற்றக் கூடாது. ஒவ்வொரு முறையும் நிறங்கள் கலந்து கலந்து எழுத்தின் விளிம்பு மழுங்கும். 5 பாகை போதாது, 7 வேண்டும் என்றால், மூலத்துக்குத் திரும்பிப் போய் ஒரேமுறை 7 பாகை சுழற்ற வேண்டும்.

மேலே ஏறிய அடுக்குகள்

மணியைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் வளர்ந்தது. சிங்கப்பூரில் அரசு நில அளவையாளராக இருந்து நியூசிலாந்துக்கு வந்து, 1876இல் இந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளரான ஜான் டர்ன்புல் தாம்சன், மாவோரிகளின் பூர்வீகத்தைத் தென்னிந்தியாவில் தேடிக் கட்டுரைகள் எழுதினார். மாவோரி மொழி ஆஸ்திரனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது, மாவோரிகள் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கிழக்குப் பொலினீசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதே இன்று தெளிவாகியுள்ள வரலாறு. 1947இல் வந்த தம் நூலில் இராமச்சந்திர தீட்சிதர், பழந்தமிழ்க் கடலோடிகள் ஆஸ்திரேலியாவையும் பொலினீசியாவையும் அறிந்திருக்கலாம் என்றார். ஐரோப்பியக் கப்பலொன்று கொண்டுவந்தது என்போரும், ஆளற்ற கப்பல் ஒன்று நீரோட்டத்தில் மிதந்து வந்து கரைதட்டியது என்போரும் உண்டு. எழுத்து வடிவத்தை வைத்துச் சிலர் 500 ஆண்டுகள் என்பார்கள், சிலர் 17, 18ஆம் நூற்றாண்டுக்கு இறக்குவார்கள். ஒருவர் சுழற்றியதை அடுத்தவர் எடுத்துச் சுழற்ற, மேடைக்கு வரும்போது அது சோழர் கப்பலாகவே ஆகிவிடுகிறது.

மூலத்துக்குத் திரும்பினால் அங்கே ஒரு முஸ்லிம் பெயர் இருக்கிறது. முகையதீன் என்ற பெயர் கடற்கரை முஸ்லிம்கள் பெரிதும் போற்றும் முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியை நினைவூட்டுவது. வக்குசு என்பது 'பக்சு' என்ற பாரசீகச் சொல் தமிழ் நாக்கில் வந்த வடிவம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை என்று நீளும் கரையில் மரக்காயர்களும் பிற முஸ்லிம் வணிகரும் சொந்தக் கப்பல் வைத்து மலாக்கா வரை ஓட்டினார்கள். தங்கள் கப்பலின் மணியில் தமிழில் எழுதினார்கள். மணி சொல்வது இதைத்தான். நம் மேடைகள் 'தமிழ் மணி' என்பதை உரக்கச் சொல்லி, அதில் எழுதியிருக்கும் ஒரே மனிதப் பெயரை விழுங்கிவிடுகின்றன. நான் கேட்ட உரைகளில் முகையதீன் வக்குசு என்ற பெயரைச் சொன்னவை மிகக் குறைவு.

கடல்வழித் தொடர்புக்கு எழுத்துச் சான்றும் இல்லாமல் இல்லை. 1769 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 'சென் ழான் பாப்திஸ்த்' என்ற பிரெஞ்சுக் கப்பல், சுர்வில் என்பவர் தலைமையில், அதே டிசம்பரில் நியூசிலாந்தின் வடகோடியில் டவுட்லஸ் விரிகுடாவில் நின்றது. புயலில் அது இழந்த நங்கூரங்களை 1974இல் கெல்லி டார்ல்டன் கடலடியில் கண்டுபிடித்தார். ஆக்லாந்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்குப் பெயர் தந்தவர் அவர்தான். அந்தக் கப்பலின் ஆள்பட்டியலில் இந்தியக் கடலோடிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் புதுச்சேரிக்காரரான மகமூத் காசிம். நியூசிலாந்துக்கு வந்த இந்தியரில் பெயர் தெரிந்த முதலாமவர்களில் ஒருவர். மணி அந்தக் கப்பலில் வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் தமிழ்க் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஒரு பெயர் எப்படி வந்திருக்க முடியும் என்பதற்கு இது ஆவணத்தில் நிற்கும் ஒரு வழி. இந்தப் பெயரும் நம் மேடைகளில் ஒலிப்பதில்லை.

இன்னொரு தரப்பையும் விட்டுவிடுகிறோம். மரத்தடியில் கிடைத்ததை எடுத்து, காத்து, பயன்படுத்தி, அதன் கதையையும் நினைவில் வைத்திருந்தவர்கள் ஃபங்காரெய் மாவோரிகள். அவர்கள் பானையாக்கியதால்தான் வெண்கலம் உருகாமல் மிஞ்சியது. அவர்களுடைய நிலத்தில் வந்து வாழும் நாம், அவர்களுக்கு முன்பின் என்று நம்மை அளந்துகொள்ள அந்த மணியைப் பயன்படுத்துவது நன்றாக இல்லை.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு மணியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எழுத்தை அவர்களே திருப்பிப் படிக்கக் கணினியில் வசதி இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் ஒரு சனிக்கிழமை போதும். ஒவ்வோர் அடுக்குக்கும் எத்தனை பாகை, எந்த மையம் என்று எழுதிவைத்து, அடியிலுள்ள மூலப்படத்தைத் தொடாமல் செய்யப் பழக்கலாம். எழுத்துகள் நேராக வந்து நின்றதும் அவர்கள் முதலில் வாய்விட்டுப் படிப்பது ஒரு கப்பல்காரரின் பெயராக இருக்கும். சோழனா, எந்த நூற்றாண்டு என்பதையெல்லாம் அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.